வெள்ளையும் பச்சையும் வெட்டிய கேபிள்

எங்கள் சர்வீஸ் சென்டரின் வாட்ஸ்அப் குழுவில் ஓய்வு பெற்ற பிறகும் என்னை வைத்திருக்கிறார்கள். பெரும்பாலும் பிறந்தநாள் வாழ்த்துதான் வரும். போன மாதம், என்னோடு வேலை பார்த்த நவீன் ஒரு படம் போட்டிருந்தான். கேபிளின் இரண்டு முனையையும் செருகினால் உள்ளே எந்தக் கம்பி உயிரோடு இருக்கிறது, எது செத்தது என்று விளக்கு எரிந்து காட்டுகிற சின்னப் பெட்டி ஒன்று வாங்கியிருக்கிறார்களாம். இதெல்லாம் இல்லாமல் எப்படி வேலை பார்த்தீர்கள் மேடம், எழுதுங்களேன் என்று புதிதாகச் சேர்ந்தவர்கள் கேட்டிருந்தார்கள். நவீன் மட்டும் எதுவும் கேட்கவில்லை. அவனுக்குத் தெரியும். அந்தப் பெட்டி மூன்று வருடம் முன்னால் வந்திருந்தால் எனக்கு ஒரு போலீஸ் ஸ்டேஷன் படியேறுவது மிச்சமாகியிருக்கும்.

வேலை கற்ற கதையை இழுக்கப் போவதில்லை. பள்ளி முடித்ததும் பொம்மசந்திராவில் ஒரு தொழிற்சாலையில் டெலிபோன் போர்டுகளுக்கு சால்டரிங் வைக்கச் சேர்ந்தேன். தூக்கத்திலும் உன் விரல் ஆடுகிறது என்று அம்மா சொல்வார். தொழிற்சாலை மூடியதும் சிவாஜிநகர் பக்கம் இந்த சர்வீஸ் சென்டருக்கு வந்தேன். போன், டேப்லெட், கேமரா, பாட்டுப் பெட்டி என்று கையில் தூக்கிக்கொண்டு வரக்கூடிய எல்லாம் அங்கே வரும். சின்ன வேலை என்றால் ஜெசிந்தா மேடத்திடம் கொடு என்று பெயர் வாங்கினேன். அந்தப் பெயர் எனக்குத் தலைக்கேறியிருந்தது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் மேனேஜர் நாகராஜ் சார் தும்கூர்க்காரர். தமிழில் ஆரம்பித்துக் கன்னடத்தில் முடிப்பார். அடுத்தவர் மேசைப் பக்கம் வரும்போது இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்வார். இன்னொருவர் பிரித்து வைத்த பொருளை அவர் தொட்டு நான் பார்த்ததில்லை. திட்டவும் மாட்டார். குனிந்து பார்த்துவிட்டு "யாவ கேபிள்?" என்பார். எந்தக் கேபிள் என்று அர்த்தம். அதைக் கேட்டதும் கையில் இருப்பதைக் கீழே வைத்துவிடுவோம். பாதி நேரம் கோளாறு நாங்கள் மாட்டியிருக்கும் கேபிளில்தான் இருக்கும்.

யுஎஸ்பி வேலை செய்யவில்லை என்று எது வந்தாலும் அவர் வைத்த வரிசை ஒன்றுதான். முதலில் கொண்டுவந்தவரிடம் பேச வேண்டும். எப்போதிலிருந்து இப்படி, அதற்கு முன் என்ன நடந்தது, உள்ளே என்ன இருக்கிறது. பிறகு கரண்ட் கொடுக்காமல் லென்ஸ் வைத்து, கேபிள் செருகும் போர்ட்டின் வாயைப் பார்க்க வேண்டும். பல்குச்சியால் அழுக்கை எடுக்க வேண்டும். அதற்கப்புறம் கேபிளை மாற்று, சார்ஜரை மாற்று, மீட்டர் வை. சூடான காற்றடித்து சால்டரை உருக்கும் ஹாட் ஏர் கடைசி. "ஹீட் கொட்ட மேலே வாபஸ் இல்லா" என்பார். சூடு காட்டிவிட்டால் பழைய நிலைக்குத் திரும்ப வழியில்லை என்பது அதன் பொருள்.

இந்த வரிசையை நாங்கள் கிண்டல் செய்வோம், ஆனால் அது பலித்துக்கொண்டே இருந்தது. வைட்ஃபீல்டிலிருந்து ஒரு பெண் டிராஃபிக்கில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து வந்தாள். மூன்று கடைகளில் போர்ட் மாற்ற வேண்டும் என்று சொல்லியிருந்தார்களாம். நான் குச்சியை விட்டு ஜீன்ஸ் பையின் பஞ்சை ஒரு உருண்டையாக வெளியே எடுத்தேன். போன் சார்ஜ் ஏற ஆரம்பித்தது. சந்தோஷப்படுவாள் என்று பார்த்தால், இதற்கா இவ்வளவு தூரம் வந்தேன் என்று என்னிடமே சண்டைக்கு வந்தாள்.

இன்னொரு பழக்கத்தையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் வினை அங்கிருந்துதான் வந்தது. ஒரு கஸ்டமர், சார்ஜ் போடக் கொடுத்த போனிலிருந்து எங்கள் குடும்பப் படங்களைக் கம்ப்யூட்டரில் எடுத்துக்கொண்டீர்கள் என்று முன் கவுன்ட்டரில் கத்திவிட்டுப் போனார். நாங்கள் எடுக்கவில்லை. ஆனால் எடுக்கவில்லை என்று எப்படி நிரூபிப்பது? அன்று மாலையே நாகராஜ் சார் கவுன்ட்டரில் இருந்த சார்ஜிங் கேபிள்களை வரிசையாக வைத்து, ஒவ்வொன்றின் தோலையும் கீறி, உள்ளே போகும் நான்கு கம்பிகளில் வெள்ளையையும் பச்சையையும் வெட்டச் சொன்னார். சிவப்பும் கறுப்பும் கரண்டுக்கு. வெள்ளையும் பச்சையும்தான் தகவல் போகிற வழி. அவை இல்லாவிட்டால் சார்ஜ் ஏறும், வேறு எதுவும் நகராது. வெட்டிய கேபிள் தனியாகத் தெரிய அடையாளம் வேண்டுமே என்றார். நான் வீட்டிலிருந்து சிவப்பு நெயில் பாலிஷ் கொண்டுபோய் முனையில் ஒரு பொட்டு வைத்தேன். எல்லோரும் பாராட்டினார்கள். தினமும் மாலையில் எல்லா முனைகளையும் ஸ்பிரிட் தொட்டுத் துடைக்கிறோம் என்பதும், ஸ்பிரிட் நெயில் பாலிஷைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னும் என்பதும் எனக்கு உறைக்கவில்லை.

குமரேசன் வந்தது ஒரு வியாழக்கிழமை, பதினொரு மணி வாக்கில். திருப்பத்தூர்க்காரர், முப்பது வயது இருக்கும், வைட்ஃபீல்டில் கேப் ஓட்டுகிறார். வண்டிக் கண்ணாடியில் ஒட்டுகிற டேஷ்கேம் ஒன்றைக் கைக்குட்டையில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரியது. திரை கிடையாது, மெமரி கார்டு கிடையாது, உள்ளே இருப்பதை எடுக்க அந்த ஒரு யுஎஸ்பி வாய்தான். அதுவும் ஒரு பக்கமாக வளைந்து தொங்கிக்கொண்டிருந்தது. கவுன்ட்டரில் இருந்த பெண் ஜாப் கார்டில், யுஎஸ்பி இணைப்பு இல்லை, உள்ளே இருப்பது முக்கியம், இன்றே வேண்டும் என்று எழுதி என் மேசைக்கு அனுப்பினாள். அவளைக் குறை சொல்லமாட்டேன். வருகிறவர்கள் எல்லோருமே முக்கியம் என்றுதான் சொல்வார்கள்.

நாகராஜ் சார் பல் டாக்டரிடம் போயிருந்தார். குமரேசன் என்னிடமிருந்து பத்தடி தூரத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எழுந்துபோய் என்னப்பா நடந்தது என்று கேட்டிருக்க வேண்டும். அதுதான் வரிசையில் முதல் வேலை. வளைந்த போர்ட் கண்ணுக்கு முன்னால் இருக்கும்போது கேட்க என்ன இருக்கிறது என்று நினைத்தேன்.

லென்ஸில் பார்த்தேன். யாரோ கேபிளைப் பக்கவாட்டில் பிடித்து இழுத்திருக்கிறார்கள். போர்ட்டின் நான்கு கால்களில் மூன்று சர்க்யூட் போர்டை விட்டு எழும்பியிருந்தன. நடுநாக்கு சாய்ந்திருந்தாலும் உடையவில்லை. ஊசியால் நாக்கை நிமிர்த்தி, கால்களைப் பழைய இடத்தில் உட்காரவைத்து சால்டரிங் வைத்தேன். நல்ல வேலை, இன்றும் சொல்வேன். சோதித்துப் பார்க்க என் கேபிளைத் தேடினால் அதை நவீன் எடுத்துப்போய்த் தன் வேலையில் மாட்டியிருந்தான். கவுன்ட்டரிலிருந்து ஒன்றை வாங்கினேன். முனையில் பொட்டு இருக்கிறதா என்று பார்த்தேன், இல்லை. சரி, நல்ல கேபிள்தான் என்று கேமராவில் மாட்டி மறுமுனையைக் கம்ப்யூட்டரில் செருகினேன்.

கேமராவின் அடியில் சிவப்பு விளக்கு விட்டுவிட்டு எரிந்தது. கரண்ட் வருகிறது. கம்ப்யூட்டரில் ஒன்றும் வரவில்லை. ஒரு நிமிடம் பொறுத்தேன், இரண்டு நிமிடம் பொறுத்தேன். கேபிளை லேசாக அழுத்திப் பிடித்தேன். பிறகு நவீன் பக்கம் திரும்பி, அவன் கேட்காமலே, "பவர் வருது, டேட்டா வரல. போர்ட் போச்சு. எடுத்துட்டுப் புதுசு போட்டாத்தான் ஆகும்" என்றேன். கேபிளை மாற்றவில்லை, மீட்டர் வைக்கவில்லை. கேமராவைக் கேபிளைக்கூடக் கழற்றாமல் அப்படியே மல்லாத்தி வைத்துவிட்டு, ஹாட் ஏரைப் போட்டுச் சூடு ஏறுவதற்காகக் காத்திருந்தேன். பக்கத்தில் இருக்கும் மெமரி சிப்புக்குச் சூடு படாமல் டேப் ஒட்டிக்கொண்டிருந்தபோது நாகராஜ் சார் வந்தார். கன்னம் வீங்கியிருந்தது. வழக்கம்போலக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து, மேசையோடு மேசையாகத் தலையை வைத்துக் கேமராவின் அடியைப் பார்த்தார்.

கட்டியிருந்த கை பிரிந்தது. என் மேசையில் இருந்த கேமராவிலிருந்து கேபிளை வெடுக்கென்று பிடுங்கினார்.

"ரெக்கார்ட் ஆக்தா இதே" என்றார். பதிவாகிக்கொண்டிருக்கிறது என்று.

முதலில் எனக்குப் புரியவில்லை. பதிவானால் என்ன? அப்போதுதான் நாற்காலியில் இருந்த குமரேசன் எழுந்து எங்கள் பக்கம் ஓடிவந்தார். கவுன்ட்டரைத் தாண்டி உள்ளே யாரும் வரக்கூடாது, ஆனால் யாரும் அவரைத் தடுக்கவில்லை.

"அதை ஓட விட்டுட்டீங்களா மேடம்? ஓடினா பழசு அழிஞ்சிரும்னுதானே புடுங்கிட்டு வந்தேன்" என்றார்.

நான் கேட்காமல் விட்டதெல்லாம் பிறகுதான் வந்தது. திங்கட்கிழமை காலை ஹோப் ஃபார்ம் தாண்டி ஒரு ஸ்கூட்டர்க்காரர் அவருடைய கேபுக்கு முன்னால் விழுந்திருக்கிறார். நாய் குறுக்கே வந்து அவராகவே விழுந்தது. குமரேசன் வண்டியை நிறுத்தி, இறங்கி, தூக்கி உட்காரவைத்து, ஆட்கள் கூடியதும் சவாரிக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிவிட்டார். யாரோ வண்டி நம்பரைப் படம் எடுத்திருக்கிறார்கள். விழுந்தவருக்குக் கணுக்கால் எலும்பு முறிந்து ஆபரேஷன். அவருக்கு எதுவும் தெளிவாக நினைவில்லை. அண்ணன்காரர், கேப் இடித்துவிட்டு ஓடிவிட்டது என்று புகார் கொடுத்துவிட்டார். புதன்கிழமை மாலை ஸ்டேஷனிலிருந்து போன். வியாழன் ஐந்து மணிக்கு வண்டியோடு வர வேண்டும். கேஸ் எழுதிவிட்டால் கேப் கம்பெனி அன்றைக்கே அவர் ஓட்டுகிற ஐடியை நிறுத்திவிடும், லைசென்ஸும் போகும், உள்ளே வைத்தாலும் வைப்பார்கள்.

அந்தக் கேமராவில் இரண்டரை நாள் ஓட்டத்துக்குத்தான் இடம். நிறைந்ததும் மிகப் பழையதை அழித்துவிட்டு அதன் மேல் பதியும். வண்டி எதிலாவது மோதியிருந்தால் அந்த அதிர்ச்சியில் கேமராவே அந்தப் பதிவை அழியாமல் பூட்டி வைத்திருக்கும். இவர் மோதவில்லை. அதனால்தான் பூட்டவில்லை. போன் வந்ததும் குமரேசன் விரல்விட்டு எண்ணிப் பார்த்திருக்கிறார். திங்கட்கிழமை காலை அழியும் நேரம் நெருங்கிவிட்டது. ஓடும் வண்டியிலேயே கேபிளைப் பிடித்து இழுத்திருக்கிறார். போர்ட் அப்படித்தான் வளைந்தது. கம்ப்யூட்டரைக் கண்டுகொண்டால் கேமரா பதியாது, நீல விளக்கு எரியும். வெறும் கரண்ட் மட்டும் வந்தால், வண்டி கிளம்பிவிட்டது என்று நினைத்துப் பதிய ஆரம்பிக்கும்.

"யாவ கேபிள்?" என்றார் சார்.

கம்பி அறுபடாமல் இருந்தால் கூவும் மீட்டரை எடுத்து நானே வைத்தேன். சிவப்புக்குக் கூவியது, கறுப்புக்குக் கூவியது. வெள்ளைக்கு இல்லை. பச்சைக்கு இல்லை. முனையை லென்ஸில் பார்த்தால் ஓரத்தில் சிவப்பு, மயிரிழை அளவுக்கு. என் வீட்டு நெயில் பாலிஷ்.

நவீன் என் கேபிளைக் கொண்டுவந்தான். மாட்டியதும் நீல விளக்கு எரிந்து ஃபோல்டர் திறந்தது. போர்ட்டில் ஒரு கோளாறும் இல்லை. மூன்று மூன்று நிமிடத் துண்டுகளாக வரிசை. குமரேசனை வெளியே உட்காரச் சொல்லிவிட்டுத்தான் பார்த்தோம், அவ்வளவு பயம் எனக்கு. ஸ்கூட்டர் விழுந்தது ஒன்பது பதினாறுக்கு என்று அவர் உறுதியாகச் சொல்லியிருந்தார், அதற்கு முந்தைய நிமிடம்தான் சவாரிக்காரருக்குப் போன் செய்திருந்தாராம். இருந்ததிலேயே பழைய துண்டு ஒன்பது பதினேழில் ஆரம்பித்தது. கடைசியில் இன்றைய தேதியில் நான்கு துண்டுகள். நவீன் ஒன்றைத் திறந்தான். எங்கள் டியூப் லைட், கீழிருந்து பார்த்த என் தாடை, என் மூக்குக் கண்ணாடி. "போர்ட் போச்சு" என்று என் குரல். பதினோரு நிமிடம். அந்த நான்கு துண்டும் உட்கார இடம் வேண்டி, பழைய நான்கு துண்டுகள் போயிருந்தன. ஸ்கூட்டர் விழுந்தது அவற்றில்தான் இருந்தது.

மிச்சமிருந்த முதல் துண்டைத் திறந்தோம். ஸ்கூட்டர் ஏற்கெனவே தரையில் கிடக்கிறது, வண்டிக்குப் பத்தடி முன்னால். குமரேசன் கதவைத் திறந்துகொண்டு ஓடுகிறார், தூக்குகிறார். விழுந்தவர் நொண்டிக்கொண்டு வண்டியின் முன்பக்கத்தில் சாய்கிறார். ஹாரன் சத்தத்துக்கு நடுவில் ஏதோ சொல்கிறார். ஹெட்போனை மாட்டிக்கொண்டு மூன்று முறை கேட்டேன். மூன்றாவது முறை பிடிபட்டது. "நாயி அட்ட பந்துபிட்து." நாய் குறுக்கே வந்துவிட்டது என்று அவர் வாயாலேயே சொல்கிறார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. யாருக்காக என்று கேட்டால் முதலில் எனக்காகத்தான்.

நவீன் என் பக்கம் குனிந்து மெதுவாகச் சொன்னான். கடைசி நான்கு துண்டையும் அழித்துவிட்டால் போதும், பழையது தானாக அழிந்துபோயிற்று என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள், அந்த ஆளும் அப்படியே நம்புவார். அவன் என் மேல் உள்ள பிரியத்தில் சொன்னான். எனக்கும் அதே எண்ணம் அவன் சொல்வதற்கு முன்பே வந்திருந்தது. மவுஸ் என் கையில்தான் இருந்தது. நாகராஜ் சார் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். அழி என்றோ அழிக்காதே என்றோ சொல்லியிருந்தால் எனக்கு எவ்வளவோ சுலபமாக இருந்திருக்கும். அவர் மேல் எனக்குக் கோபம்கூட வந்தது.

மவுஸை விட்டுவிட்டு எழுந்து போனேன். குமரேசன் முன்னால் நின்று, உட்காராமலே, நடந்ததைச் சொன்னேன். எந்தக் கேபிள், எத்தனை நிமிடம், எது போனது, எது இருக்கிறது.

"அப்போ விழுந்தது இல்லையா மேடம்?"

"இல்லப்பா. என்னாலதான் போச்சு. நீ தூக்கினது இருக்கு, அவர் பேசினது இருக்கு. சாயங்காலம் ஸ்டேஷனுக்கு நான் வரேன். நானே சொல்றேன்."

அவர் திட்டியிருக்கலாம். கைக்குட்டையை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். எழுந்து வெளியே போய் யாருக்கோ போன் செய்தார்.

ஐந்து மணிக்கு நாகராஜ் சாரும் நானும் அவரோடு போனோம். கேமராவையும், நகலெடுத்த பென் டிரைவையும், வெட்டிய கேபிளையும் எடுத்துப் போனேன். இன்ஸ்பெக்டர் முதல் துண்டை இரண்டு முறை பார்த்தார். பிறகு குமரேசனைப் பார்த்து, விழுந்ததற்கு அடுத்த நொடியிலிருந்து சரியாகப் பதிவு ஆரம்பிக்கிறதே, அதற்கு முன்னால் இருந்ததை எங்கே வெட்டினாய் என்று கேட்டார். கேட்ட விதத்திலேயே அவர் முடிவு செய்துவிட்டார் என்று தெரிந்தது. குமரேசன் என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்த நான்கு துண்டையும் அழித்திருந்தால் இந்தக் கேள்விக்கு அவரிடம் என்ன பதில் இருந்திருக்கும்?

கடைசித் துண்டுகளைப் பாருங்கள் சார் என்றேன். அவர் போட்டார். நான்கு கான்ஸ்டபிள்கள் பார்க்க, திரையில் என் தாடையும் டியூப் லைட்டும். "போர்ட் போச்சு" என்றது குரல்.

"இது யார வாய்ஸ்?" என்றார்.

"நந்தே சார். தப்பு நந்தே" என்றேன். குரல் என்னுடையதுதான், தப்பும் என்னுடையதுதான் என்று.

வெட்டிய கேபிளைக் காட்டி எல்லாம் விளக்கினேன். எத்தனை வருட சர்வீஸ் என்று கேட்டார். சொன்னேன். பின்னால் ஒருவர் சிரித்தார். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. நான்கு துண்டுகளையும் முழுதாக ஓடவிட்டுப் பார்த்தார், பிறகு நான் சொன்னதைக் கன்னடத்தில் எழுதி வாங்கிக் கையெழுத்துப் போடச் சொன்னார். அன்று கேஸ் எழுதவில்லை. வண்டியை மட்டும் நிறுத்திவைத்துக்கொண்டார்கள்.

அடுத்த வாரம் ஆஸ்பத்திரியில் ஸ்கூட்டர்க்காரருக்கு அந்தப் பதிவைப் போட்டுக் காட்டியிருக்கிறார்கள். தன் குரலைத் தானே கேட்ட பிறகு அவர் அண்ணனை அனுப்பிப் புகாரைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். வண்டி வெளியே வந்தது. ஐடியும் போகவில்லை. இதெல்லாம் நாகராஜ் சார் போனில் விசாரித்து எனக்குச் சொன்னது. அன்றிரவுதான் ஒழுங்காகச் சாப்பிட்டேன்.

ஒரு மாதம் கழித்துக் குமரேசன் வந்தார். வண்டியின் அதிர்வில் போர்ட் மறுபடி ஆட ஆரம்பித்துவிட்டதாம், ஒரேயடியாகப் புதிது போட வேண்டும். அவரைக் கண்டதும் நானே கவுன்ட்டருக்குப் போனேன். நல்லா இருக்கியாப்பா என்றேன். நல்லா இருக்கேன்க்கா என்றார், மேடம் என்று சொல்லவில்லை. பையிலிருந்து கேமராவை எடுத்தவர் அதைக் கவுன்ட்டரில் வைக்காமல் கையிலேயே வைத்திருந்தார்.

"அக்கா, தப்பா நினைக்காதீங்க. இதை வேற யாராச்சும் பண்ணட்டும். கோவம் இல்லக்கா. பயமா இருக்கு."

அதற்குள் என் கை அவர் பக்கம் நீண்டிருந்தது. அதை மடக்கிக்கொண்டு நவீனைக் கூப்பிட்டேன்.